கூரைக்குத் தாகம்

தெருவில் எல்லோரும் அவளை ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அம்மாகூடச் சில நேரம் மறந்துபோய் அப்படியே கூப்பிட்டுவிடுவாள்.

பெயர் சும்மா வரவில்லை. சூடான பாலை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வாள். கணக்கை முழுதாகப் படிக்காமலே விடை எழுதிவிடுவாள். ஆலயத்தில் போதகர் ஜெபம் செய்யும்போது, அவர் முடிப்பதற்கு இரண்டு வரி முன்னாலேயே “ஆமென்!” என்று அவள் குரல் தனியாகக் கேட்கும். முன்வரிசைக்காரர்களின் தோள்கள் குலுங்கும். போதகர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மிச்ச ஜெபத்தைத் தொடர்வார்.

அவளுக்குப் பத்து வயது. தோழிக்கும் அதே வயதுதான். தோழி தையல்காரர் மகள். ஒல்லியாக, நேராக இருப்பாள். தலை மட்டும் உருண்டை. அப்பாவின் தொழிலையும் சேர்த்து யாரோ ‘குண்டூசி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. “குத்துவேன், ஜாக்கிரதை!” என்பாள்.

இருவரும் படிக்கும் ஞாயிறு பள்ளி, ஆலயத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகையில் நடந்தது. மழை வந்தால் தகரம் போடும் சத்தத்தில் டீச்சரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அதனால் இந்த வருடம் ஆலயச் சுவரை ஒட்டி ஓர் அறை கட்ட ஆரம்பித்தார்கள்.

அந்த வேலையில் அவசரத்தின் அம்மாவும் இருந்தாள். எட்டு வருடமாக அவள் சித்தாள். சிமெண்ட் கலவையை இரும்புச் சட்டியில் அள்ளி, தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. கலவையைச் சுவரில் பூசுகிற கரணையைப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. கேட்கும்போதெல்லாம் மேஸ்திரி, “பார்க்கலாம்மா” என்பார். அம்மாவும் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விடுவாள்.

ஒரு சனிக்கிழமை அறைக்குக் கூரை போட்டார்கள்.

நீங்கள் கான்கிரீட் போடும் நாளைப் பார்த்திருக்கிறீர்களா? அன்றைக்கு யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. முதலில் பலகைகளைப் பரப்பி, அவற்றுக்குக் கீழே நெருக்கமாக முட்டுக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பலகைமேல் கம்பி கட்டியிருக்கும். கலவை இயந்திரம் கடகடவென்று சுற்றும். வரிசையாக நிற்பவர்கள் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டிவரும், அதனால் யாரும் நிற்கமாட்டார்கள். சாயங்காலம் தோள் எது, கழுத்து எது என்று தெரியாது.

வேலை முடிந்ததும் போதகர் இரண்டு சிறுமிகளையும் கூப்பிட்டார்.

“அறை திறக்கிற ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் முன்னால நின்னு பாடணும். சரியா?”

“சரிங்கய்யா!” என்று அவசரம் குதித்தாள். “எப்பய்யா திறப்பீங்க? நாளைக்கா?”

மேஸ்திரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தபடி சிரித்தார். “நாளைக்கா? பதினாலு நாள் கழிச்சுத்தான் பலகையவே பிரிப்பேன்.”

குண்டூசி விரல் விட்டு எண்ணினாள். அவள் முகம் வாடியது.

“மாமா, ஒன்பது நாள்ல நாங்க ஊரைவிட்டுப் போறோம். அப்பாவுக்கு ஆடை கம்பெனில வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை வேன் வருது.”

இது அவசரத்துக்கு முன்பே தெரியும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை இந்தப் பதினான்கு நாளுக்குள் மாட்டிக்கொள்ளும் என்று அவள் நினைக்கவே இல்லை. மூன்று மாதமாகக் கொட்டகையில் சைக்கிள்களுக்கு நடுவே நின்று பாடிப் பாடிப் பழகிய பாட்டு அது. இரண்டு குரலும் சேர்ந்தால்தான் அது பாட்டு. அவள் மேலே ஏறுவாள், குண்டூசி கீழே தாங்குவாள்.

“கொஞ்சம் சீக்கிரம் பிரிங்க மாமா. ஒரு வாரம் போதாதா?”

“நான் சீக்கிரம்னு சொன்னாப் போதுமா? கான்கிரீட்டும் சீக்கிரம்னு சொல்லணுமே!” என்றார் மேஸ்திரி.

மறுநாள் கூரையின் மேல் சிமெண்ட் சாந்தால் விரல் உயரத்துக்குச் சின்னச் சின்ன வரப்புகள் வைத்தார்கள். பார்க்க நாற்றங்கால் பாத்திகளைப் போல இருந்தது. ஒவ்வொரு பாத்தியிலும் தண்ணீர் நிற்க வேண்டும். தினமும் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை அதை நிரப்ப வேண்டும். அம்மாவும் மேஸ்திரியும் திங்கள் முதல் இரண்டு தெரு தள்ளி வேறொரு கட்டடத்துக்குப் போகிறார்கள். யார் நிரப்புவது?

“நான்!” என்றாள் அவசரம். கேள்வி முடியுமுன்பே சொல்லிவிட்டாள்.

பள்ளிக்கு விடுமுறை. வீடு ஆலயத்துக்கு எதிரிலேயே. மணி மேடைக்குப் போகும் படிகளில் ஏறினால் கூரை வந்துவிடும். ரப்பர் குழாயும் அங்கேயே கிடந்தது. அம்மா மூன்று விஷயம் சொன்னாள்.

“ஓரத்துக்குப் போகாத. கீழ முட்டுக்குள்ள நுழையாத. ஒரு வேளைகூட மறக்காத.”

“சரிம்மா, சரிம்மா, சரிம்மா.”

திங்கட்கிழமை அவள் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினாள். சாயங்காலம் மணி மேடைப் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆண்டவரே, பதினாலு நாள் ரொம்ப அதிகம். ஏழு நாள் போதும். நீங்க நினைச்சா முடியும். ஆமென்.”

கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். அது அப்படியேதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையிலும் அப்படியேதான் இருந்தது.

அப்போதுதான் எதிர்வீட்டுக் கொடியில் துவைத்த துணிகள் ஆடுவதைப் பார்த்தாள். ஈரத் துணி. வெயில். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதன்மேல் யாராவது மூன்று வேளை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் அது எப்படிக் காயும்?

“அட!” என்றாள். “நாமதான் காயவிடாமப் பண்றோம்!”

ஆண்டவர் ஏன் இன்னும் ஒன்றும் செய்யவில்லை என்று அவளுக்கு இப்போது புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக அவள் நினைத்தாள். அவருக்குக் கொஞ்சம் உதவி தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

ஒரு கல்லை எடுத்து, ஒவ்வொரு வரப்பிலும் ஓர் ஓட்டை போட்டாள். தண்ணீர் வழிந்து, மூலைக் குழாய் வழியாகச் சளசளவென்று கீழே ஓடியது. கொஞ்ச நேரத்தில் கூரை வெளுத்து, சூடேறி, கால் வைக்க முடியாமல் ஆனது. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அன்று மாலை அம்மா கேட்டாள். “தண்ணி ஊத்துனியா?”

“ம்ம்.”

‘ம்ம்’ என்பது ஆமாம் இல்லை, இல்லை என்றும் இல்லை. அதனால் அது பொய் இல்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் அன்றைக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டாள்.

புதன்கிழமையும் நல்ல வெயில். புதன்கிழமையும் ஒரு ‘ம்ம்’.

வியாழக்கிழமை மதியம் குண்டூசி வந்தாள். இருவரும் ஆலய வளாகத்தில் தரையில் கட்டம் போட்டு நொண்டி விளையாடத் தொடங்கினார்கள். எறிவதற்கு ஒரு சில்லு வேண்டும். கான்கிரீட் போட்ட அன்றைக்குச் சிந்திய கலவை, மணல் மேட்டின்மேல் சிறு கட்டிகளாகக் கிடந்தது. அவசரம் ஒன்றை எடுத்து எறிந்தாள். அது தரையில் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

“இன்னொண்ணு எடுடி.”

இன்னொன்றும் உதிர்ந்தது. மூன்றாவதைக் கையிலேயே நசுக்க முடிந்தது.

பக்கத்தில் கலவைக்குத் தண்ணீர் பிடித்து வைத்த பீப்பாய் இருந்தது. குண்டூசி அதற்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். “இதுக்குள்ளயும் ஒண்ணு விழுந்து கிடக்கு, இரு.”

சொட்டச் சொட்ட ஒரு கட்டியை எடுத்து எறிந்தாள். ‘டங்’ என்று சத்தம் வந்தது. கட்டி உடையவில்லை. அவசரம் அதை எடுத்துப் படிக்கல்லில் ஓங்கி அடித்தாள். ‘டங்!’ மறுபடியும் அடித்தாள். ‘டங்!’ கைதான் வலித்தது.

“சூப்பர் சில்லு!” என்று குண்டூசி நொண்டத் தயாரானாள்.

அவசரம் நகரவில்லை. இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு கையில் கல். இன்னொரு கையில் மாவு.

“ரெண்டும் ஒரே கலவைதானேடி?”

“ஆமா. ஒரே நாள்ல சிந்துனதுதான்.”

“தண்ணில கிடந்தது கல்லாயிருக்கு. வெயில்ல கிடந்தது மாவாயிருக்கு.”

சொல்லி முடித்ததும் அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். சில்லை அப்படியே போட்டுவிட்டு மணி மேடைப் படிகளில் ஓடினாள். பின்னாலேயே குண்டூசியும் ஓடினாள்.

கூரை தகித்தது. அவசரம் குனிந்து, இவ்வளவு நாள் பார்க்காததைப் பார்த்தாள். மெல்லிய கோடுகள், தலைமுடியைப் பிய்த்துப் போட்டதுபோல. ஒன்று, இரண்டு, பத்து. நடுவில் ஒரு கோடு அவள் கை நீளத்துக்கு இருந்தது.

“விரிசல்!” என்றாள் குண்டூசி மெதுவாக. வரப்புகளில் இருந்த ஓட்டைகளையும் பார்த்தாள். “இதெல்லாம் யாரு உடைச்சா?”

“நான்தான். நீ போறதுக்குள்ள காயணும்னு.”

குண்டூசி படிகளில் கீழே ஓடினாள். அவசர அவசரமாக ஈர மணலை அள்ளிவந்து ஓட்டைகளை அடைத்தாள். “சீக்கிரம் தண்ணி பிடி. தண்ணி நின்னா விரிசல் தெரியாது. யாருக்கும் தெரியாது.”

அவசரம் குழாயைத் திறந்தாள். தண்ணீர் பரவியது. ஆனால் நிற்கவில்லை. கோடுகளின் மேல் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்டது. ஊற்ற ஊற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

“குடிக்குதுடி!” என்றாள் குண்டூசி. “கூரைக்குத் தாகம்!”

அவசரத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒருவழியாகத் தண்ணீர் நின்றது. கோடுகள் மறைந்தன. மேலே வானம் தெரிந்தது. பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது.

அவள் படியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

“ஆண்டவரே, இந்த விரிசல் எல்லாம்...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். இந்தக் கூரைக்குக் கீழேதான் சின்னப் பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள். அவர்களில் மூன்று வயதுக் குட்டிகூட ஒன்று இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடும்.

“விரிசலை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல நான் போய்ச் சொல்றதுக்குத் தைரியம் குடுங்க.”

ஆமென் சொல்ல மறந்தே போனாள். எழுந்து ஓடினாள்.

இரண்டு தெரு தள்ளி அம்மா தலையில் சட்டியோடு வந்துகொண்டிருந்தாள். மகள் ஓடிவந்த வேகத்தைப் பார்த்ததும் சட்டியை இறக்கினாள். “என்னாச்சு? விழுந்துட்டியா?”

“இல்லம்மா. நான் தண்ணி ஊத்தலம்மா. ரெண்டு நாளா ஊத்தல. சீக்கிரம் காயட்டும்னு வரப்பை உடைச்சுட்டேன். கூரை வெடிச்சிருக்கும்மா.”

அம்மா முகத்தில் இருந்த சிமெண்ட்டை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். அது திட்டுவதைவிடப் பயமாக இருந்தது. இந்த வேலை கெட்டால் மேஸ்திரி அம்மாவை இனி எதை நம்பிக் கூப்பிடுவார்? கரணை என்ன, சட்டிகூடக் கிடைக்காமல் போகலாம். அது இப்போதுதான் அவசரத்துக்கு உறைத்தது.

“வா,” என்றாள் அம்மா. “மேஸ்திரிகிட்ட நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

மேஸ்திரி அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். மறுபடியும் காதில் வைத்தார். சுத்தியலை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் பின்னால் அம்மா. அம்மா பின்னால் அவசரம். படியடியில் காத்திருந்த குண்டூசி நான்காவதாகச் சேர்ந்துகொண்டாள்.

மேலே போனதும் மேஸ்திரி தண்ணீரை வடியவிட்டு மண்டிபோட்டார். சுத்தியலைத் திருப்பி, கட்டைப் பக்கத்தால் தட்டினார். டொக். காதைச் சாய்த்துக் கேட்டார். ஒரு அடி தள்ளித் தட்டினார். டொக். நடுவில் இருந்த நீளக் கோட்டின் இந்தப் பக்கம் தட்டினார். அந்தப் பக்கமும் தட்டினார். ஓர் ஆணியின் நுனியால் கோட்டைக் கீறிப் பார்த்தார்.

அவசரம் மூச்சு விடவில்லை.

“உள்ள கெட்டியாப் பிடிச்சிருக்கு,” என்றார் மேஸ்திரி. “மேல்தோல்தான் வெடிச்சிருக்கு. நல்லவேளை, இன்னைக்கே சொன்ன. இன்னும் ரெண்டு மூணு நாள் இந்த வெயில்ல காய்ஞ்சிருந்தா என் கையிலயும் ஒண்ணும் இல்ல.”

அவசரம் விட்ட பெருமூச்சில் குண்டூசியின் முன்முடி பறந்தது.

“சிமெண்ட் பால் ஊத்தி ஒவ்வொரு கோடா அடைக்கணும். ஆனா பதினாலு நாள்ல பிரிக்க மாட்டேன். இருபத்தொண்ணு.”

“இருபத்தொண்ணா!”

“ஏழு நாளைக் குறைக்கப் பாத்த. ஏழு நாள் கூடிப்போச்சு. கணக்குச் சரியாத்தானே இருக்கு?”

அவசரம் தலைகுனிந்தாள். குண்டூசிதான் அவள் கையைப் பிடித்தாள். பதினான்கு நாளிலும் அவள் இருக்கப்போவதில்லை, இருபத்தொன்றிலும் இருக்கப்போவதில்லை. அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மேஸ்திரி சிமெண்ட்டைத் தண்ணீரில் கரைத்தார். பிறகு கரணையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மெல்லிய கோடுகளைக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்.

“எனக்கு இதெல்லாம் ஆவாதும்மா. முடி மாதிரி இருக்கு. நிதானமான கை வேணும்.” கரணையை அம்மாவிடம் நீட்டினார். “இந்தா. நீ அடை.”

அம்மா கையை நீட்டவில்லை. “நானாண்ணே?”

“எட்டு வருஷமா ஒரு சட்டி சிந்தாமக் கொண்டுவந்து குடுத்திருக்க. இதுக்கா கை நடுங்கப்போவுது? பிடி.”

அம்மா கரணையை வாங்கி முந்தானையில் ஒருமுறை துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு உட்கார்ந்தாள். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு கோடாக நனைத்து, ஊற்றி, இழுத்து, தேய்த்தாள். முடித்தபோது கோடு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க அவசரம் தரையோடு தரையாகப் படுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தெரியவில்லை. மேஸ்திரியும் பார்த்தார். போகும்போது கரணையை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார். மறந்தாரோ என்னவோ.

வெள்ளிக்கிழமை அவசரம் விடிந்ததும் கூரையில் இருந்தாள். மூன்று வேளை போதவில்லை. வெயில் அப்படி. பத்து மணிக்கு நிரப்பினால் பன்னிரண்டு மணிக்குப் பாத்தி வறண்டது. ஐந்தாவது தடவை ஏறும்போது குண்டூசியும் கூட வந்தாள். கூரையில் விழுந்துகிடந்த ஒரு கந்தல் துணியை அவள் காலால் தள்ளினாள். நேற்று வரப்பை அடைக்கும்போது கை துடைத்துப் போட்ட துணி அது.

“நில்லு!” என்று அவசரம் துணியைத் தூக்கினாள். சுற்றிலும் தரை வெளுத்துக் காய்ந்திருந்தது. துணி இருந்த இடம் மட்டும் கருப்பாக, ஈரமாக இருந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“எங்க வீட்டுல வெட்டுத்துணி எவ்வளவு கிடக்கு தெரியுமா?” என்றாள் குண்டூசி. “ஆறு மூட்டை! அம்மா தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க.”

தையல்காரர் வீட்டில் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வெட்டுத்துணி மூட்டைகளைச் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார். “எடுத்துட்டுப் போங்க. வேன்ல இடமே இல்ல. அந்தப் பெரிய தையல் மெஷினையே எங்க வைக்கிறதுன்னு தெரியல.”

சனிக்கிழமை முழுவதும் குண்டூசி பெரிய பெரிய தையலாகப் போட்டுத் துண்டுகளை இணைத்தாள். அவசரம் நூல் கோத்துக் கொடுத்தாள். ஊசிக் காதில் நூல் நுழைய ஒன்பது தடவை ஆயிற்று. நூலைத் தூக்கி எறியலாமா என்றிருந்தது. எறியவில்லை.

சாயங்காலம் கூரை முழுவதும் துணி விரித்து நனைத்தார்கள். சட்டைக் கை, பள்ளிச் சீருடைக் கழுத்து, யாருடைய கல்யாணப் பாவாடையிலோ மிஞ்சிய பட்டு. தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

“கூரைக்குக் குளிருதா?” என்று கேட்டார் ஒருவர்.

“இல்லீங்க, தாகம்!” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

திங்கட்கிழமை வேன் வந்தது. எல்லாம் ஏறியது. தையல் மெஷின் மட்டும் ஏறவில்லை. எப்படித் திருப்பினாலும் கதவு மூடவில்லை. கடைசியில் போதகர் வீட்டு முன்னறையில் இறக்கி வைத்தார்கள்.

“லீவு கிடைக்கிற ஒரு ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிறேங்கய்யா,” என்றார் தையல்காரர்.

“எந்த ஞாயிறு மாமா?” என்று அவசரம் முண்டிக்கொண்டு கேட்டாள்.

“அது ஆண்டவருக்கும் எங்க புது முதலாளிக்கும்தாம்மா தெரியும்.”

குண்டூசி சன்னல் வழியாகக் கத்தினாள். “துணி காயாமப் பாத்துக்கோடி!” வேன் திரும்பி மறைந்தது.

அவசரம் நேராகக் கூரைக்குப் போனாள். மதியத் தண்ணீருக்கு நேரமாகியிருந்தது. நனைத்து முடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். கேட்க நிறைய இருந்தது. ஆனால் எத்தனை நாளில் வேண்டும் என்று ஆண்டவரிடம் நாள் குறித்துச் சொல்ல இந்தத் தடவை அவளுக்கு வாய் வரவில்லை.

“அவளும் நானும் சேர்ந்து பாடணும். எப்பன்னு நீங்களே பாத்துக்குங்க.” கொஞ்சம் யோசித்தாள். “நான் தண்ணியப் பாத்துக்கிறேன்.”

நாட்கள் மெதுவாகத்தான் போயின. அவசரமும் கூரையும் துணியும் தண்ணீரும். கீழே அம்மா, மேஸ்திரி சொன்னபடி, அறையின் வெளிச்சுவரைப் பூசிக்கொண்டிருந்தாள். சட்டி சுமக்க வேறு ஆள் வந்திருந்தது. அம்மா அந்த ஆளிடம், “மெதுவா வாங்க, ஓட வேணாம்,” என்று சொல்வது மேலே கேட்கும்.

பதினைந்தாம் நாள் ஞாயிறு வந்தது. முதலில் சொன்னபடி நடந்திருந்தால் அன்றுதான் அறை திறந்திருக்க வேண்டும். அவசரம் அன்று முழுவதும் தெருமுனையை எட்டி எட்டிப் பார்த்தாள். தையல் மெஷினை எடுக்க யாரும் வரவில்லை.

இருபத்தொன்றாம் நாள் சனிக்கிழமை மேஸ்திரி பலகை பிரிக்க வந்தார். எல்லோரையும் தூரத்தில் நிற்கச் சொன்னார். நடுவிலிருந்து ஒவ்வொரு முட்டாகத் தட்டி எடுத்தார்கள். ஒவ்வொரு முட்டு விழும்போதும் அவசரம் அம்மாவின் கையை இறுக்கினாள். கடைசி முட்டும் போனது. கடைசிப் பலகையும் இறங்கியது.

கூரை அப்படியே நின்றது.

“இப்ப வரலாம்,” என்றார் மேஸ்திரி.

அவசரம் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தாள். பலகையில் இருந்த மரக்கோடுகள், முடிச்சுகள், ஆணித் தலைகள் எல்லாம் கான்கிரீட்டில் அச்சாகப் பதிந்திருந்தன. ஓர் இடத்தில்கூட விரிசல் இல்லை. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவள் “ஹோ!” என்று கத்தினாள். அறையும் “ஹோ!” என்றது.

மறுநாள் ஞாயிறு. உள்சுவர் பூசவில்லை, வெள்ளை அடிக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் உள்ளே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூன்று வயதுக் குட்டி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டது. போதகர் அவசரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். “நீ மட்டும் பாடுறியாம்மா?”

அவள் எழுந்து முன்னால் போனாள். தனியாகப் பாட அவளுக்கு விருப்பம் இல்லைதான். ஆனாலும் பாடப் போகிறாள். தொண்டையைச் சரிசெய்தாள்.

“ஏய், இரு, இரு! ஆரம்பிச்சுடாத!”

வாசலில் மூச்சிரைக்க ஒரு குண்டூசி நின்றது. அவள் பின்னால் தையல்காரர், கையில் மெஷினைக் கட்டக் கொண்டுவந்த கயிற்றோடு.

“போன வாரம் லீவு கேட்டேன், குடுக்கல,” என்று அவர் அசடு வழியச் சொன்னார். “இந்த வாரம்தான் குடுத்தாங்க. நாங்க வந்தது மெஷின் எடுக்க. இவ இங்க சத்தம் கேட்டதும் ஓடியாந்துட்டா.”

அவசரம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கண் இரண்டும் பெரிதாகியிருந்தது. “அம்மா! போன வாரமே திறந்திருந்தா...”

“தெரியுது, தெரியுது,” என்றாள் அம்மா. சிரிப்பை அடக்கிக்கொண்டு விரலை ஆட்டினாள். “ஆண்டவர் செஞ்சதை ஆண்டவர் செஞ்சார். அதுக்காக நீ வரப்பை உடைச்சதையும் அவர் கணக்குல எழுதிடாத.”

அறை முழுவதும் சிரித்தது.

இருவரும் பாடினார்கள். ஒருத்தி மேலே ஏறினாள், ஒருத்தி கீழே தாங்கினாள். தகரம் கடகடக்கவில்லை. சைக்கிள் மணி அடிக்கவில்லை. குரல் சுவரில் பட்டு, கூரையில் பட்டு, முழுதாகத் திரும்பி வந்தது.

பிறகு போதகர் ஜெபம் செய்தார். நீளமான ஜெபம். கூரைக்கு நன்றி, சுவருக்கு நன்றி, சுமந்தவர்களுக்கு நன்றி, நனைத்தவர்களுக்கு நன்றி. கடைசி இரண்டு வரி வந்தபோது பழக்கத்தில் நின்றார். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். சத்தம் ஒன்றும் வரவில்லை. ஜெபத்தை முடித்தார்.

“ஆமென்,” என்றார்கள் எல்லோரும். பாய்கள் சுருண்டன, பேச்சு எழுந்தது.

அவசரம் மட்டும் கண்ணை மூடியபடி நின்றுகொண்டிருந்தாள்.

குண்டூசி அவள் விலாவில் மெதுவாகக் குத்தினாள். “ஏய், ஜெபம் முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு.”

“இருடி,” என்றாள் அவசரம். “எனக்கு இன்னும் முடியல.”